வேலையைக் கையோட கொண்டு வாங்க... கூப்பிடுது டாலின்!

ஜன்னலுக்கு வெளியே கடல். ஹெல்சின்கி கிளம்புற கப்பல் ஹாரன் அடிக்குது. உள்ளே நீங்க, உங்க லேப்டாப், சூடா ஒரு காபி. டீம் லீடர் உட்கார்ந்திருக்கிறது பெங்களூர்ல. நீங்க உட்கார்ந்திருக்கிறது பால்டிக் கடலோரத்துல!

கேட்கும்போதே ஜில்லுனு இருக்குல்ல?

ஆபீஸ் போகாமலே வேலை பார்க்கும் அனுபவம் 2020 லாக்டவுன்ல நம்ம அண்ணன், அக்காக்களுக்கு வீட்டு ஹால்லயே கிடைச்சுது. அதே வேலையை இன்னொரு நாட்டில் உட்கார்ந்து செய்ய முடியுமா? முடியும். அதுக்குன்னே தனி விசா கொடுக்கும் நாடுகளில் ஒன்று எஸ்டோனியா. அதன் தலைநகரம், முக்கியத் துறைமுகம்... ரெண்டுமே டாலின்தான். 'ஊர் சுத்திக்கிட்டே சம்பாதிக்கணும்'னு ஸ்டேட்டஸ் போடுற பார்ட்டியா நீங்க? அப்ப இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். ஆசையை மட்டும் கிளப்பிவிட்டுட்டு எஸ்கேப் ஆக மாட்டேன். கணக்கையும் சேர்த்தே சொல்லிடறேன்!

புலி பாய்ஞ்ச ஊர்

மொத்த எஸ்டோனியாவின் மக்கள்தொகையே 14 லட்சத்துக்கும் குறைவு. நம்ம கோயம்புத்தூர் நகரப்பகுதியில் அதைவிட அதிகம் பேர் இருக்காங்க! டாலினில் மட்டும் ஏறக்குறைய நாலரை லட்சம் பேர். எதிர்க்கரையில் பின்லாந்தின் ஹெல்சின்கி. இடையில் சுமார் 80 கிலோமீட்டர் கடல். கப்பலில் ஏறினால் ரெண்டு மணி நேரத்தில் இறங்கிடலாம்.

1991-ல் சோவியத் யூனியனிடமிருந்து மறுபடி விடுதலை அடைந்த நாடு இது. கையில் காசு இல்லை, ஆள்பலமும் இல்லை. 1996-ல் 'புலிப் பாய்ச்சல்' என்று ஒரு திட்டம் அறிவிச்சாங்க. பள்ளிக்கூடங்களுக்குக் கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் கொடுப்பதுதான் திட்டம். 2001-ல் அரசுத் துறைகளின் தகவல் தளங்களை இணைக்கும் 'எக்ஸ்-ரோடு' வந்தது. 2002-ல் டிஜிட்டல் கையெழுத்துப் போடக்கூடிய அடையாள அட்டை. 2005 உள்ளாட்சித் தேர்தலில் வீட்டிலிருந்தே இன்டர்நெட்டில் ஓட்டு!

2003-ல் வெளிவந்த ஸ்கைப்பின் பின்னணியில் ஒரு ஸ்வீடன்காரரும் ஒரு டென்மார்க்காரரும் இருந்தாங்க. ஆனா அதன் மென்பொருளை எழுதியவர்கள் எஸ்டோனியர்கள். மைக்ரோசாஃப்ட் வாங்கிய அந்த ஸ்கைப் 2025 மே மாதம் மூடப்பட்டுவிட்டது. ஆனால், அங்கே வேலை கத்துக்கிட்டவங்களும் அதைப் பார்த்து வளர்ந்தவங்களும் இன்னும் கம்பெனி ஆரம்பிச்சுக்கிட்டேதான் இருக்காங்க. டாக்ஸி ஆப் 'போல்ட்' 2013-ல் டாலினில் ஆரம்பிச்சது. ஆரம்பிச்ச மார்கஸ் வில்லிக்குக்கு அப்போ வயசு 19. நம்ம செகண்ட் இயர் வயசு! (படிப்பைப் பாதியில் விட்டுட்டுத்தான் இதைச் செய்தார். அந்த ஒண்ணை மட்டும் காப்பி அடிக்காதீங்க, ப்ளீஸ்!)

அங்கே இப்போ அரசாங்க வேலை எல்லாமே ஆன்லைன்தான். 2024 கடைசியில் விவாகரத்துக்கு விண்ணப்பிப்பதுகூட ஆன்லைனுக்கு வந்துடுச்சு. கல்யாணத்துக்கு மட்டும் ரெண்டு பேரும் நேர்ல போய் நிக்கணும். நியாயம்தானே!

நீர்மூழ்கிக் கப்பல் கட்டின இடத்துல காபி

டாலினின் பழைய நகரம் கோட்டைச் சுவர், கோபுரம் எல்லாம் சேர்ந்து கதைப்புத்தகம் மாதிரி இருக்கும். 1997-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தாங்க. அங்கிருந்து சிட்டா நடந்தால் துறைமுகம். ஆனா, லேப்டாப் கூட்டத்தை வேற ஏரியாக்களில்தான் அதிகம் பார்க்கலாம்.

'நோப்லெஸ்னர்' என்கிற இடம் ரஷ்யப் பேரரசு காலத்தில் நீர்மூழ்கிக் கப்பல் கட்டிய தளம். அதை நிறுவியவர்களில் ஒருவர் இமானுவேல் நோபல். நோபல் பரிசு தந்த ஆல்ஃப்ரெட் நோபலுக்கு அண்ணன் மகன். சோவியத் காலத்தில் இந்தக் கடலோரத்தின் பெரும்பகுதிக்குள் உள்ளூர்க்காரங்களே நுழைய முடியாது. இன்னிக்கு அதே இடத்தில் ரெஸ்டாரன்ட், அபார்ட்மென்ட், படகுத்துறை. 'டெல்லிஸ்கிவி'யில் பழைய ரயில்வே தொழிற்கூடங்கள் ஸ்டுடியோவாகவும் காபி ஷாப்பாகவும் மாறிடுச்சு. ஏர்போர்ட் பக்கத்தில் 'உலேமிஸ்தே சிட்டி' என்கிற ஐ.டி. ஏரியாவும் ஒரு காலத்தில் ரயில் பெட்டி செய்த தொழிற்சாலை வளாகம்தான். 'காலமாயா'வில் மர வீடுகள் வரிசையா நிக்கும். அந்தப் பேருக்கு அர்த்தம் 'மீன் வீடு'. நம்ம ராயபுரத்துக்காரங்களுக்குச் சட்டுனு பிடிச்சுடும்!

பட்ஜெட் இடிக்குதா? லாஸ்னமே, முஸ்தமே ஏரியாக்களில் சோவியத் காலத்து அடுக்குமாடி வீடுகள் இருக்கு. நம்ம ஹவுசிங் போர்டு குடியிருப்பு மாதிரி ஒரே அச்சு. பழைய நகரத்தைவிட வாடகை குறைவு. டாலினில் குடியிருப்பவராகப் பதிவு செய்தவர்களுக்கு 2013-லிருந்து சிட்டி பஸ், டிராம் இலவசம். வெளியிலிருந்து போறவங்க டிக்கெட் காசையும் பட்ஜெட்ல எழுதி வெச்சுக்குறதுதான் சேஃப்.

ரெண்டு பேரு... ரெண்டும் வேற!

இங்கதான் உஷாரா இருக்கணும். எஸ்டோனியா ரெண்டு விஷயம் தருது. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறவங்க நிறைய.

முதலாவது, 2014 டிசம்பரில் வந்த 'இ-ரெசிடென்சி'. வெளிநாட்டுக்காரர் ஒருவர் டிஜிட்டல் அட்டை வாங்கி, எஸ்டோனியாவில் கம்பெனி பதிவு செய்து, ஆன்லைனிலேயே கையெழுத்துப் போட்டு நடத்தலாம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவங்க வாங்கியிருக்காங்க. பேரில் 'ரெசிடென்சி'ன்னு இருந்தாலும் அதை வெச்சு அங்கே ஒரு நாள்கூடத் தங்க முடியாது. அது விசாவும் இல்லை, குடியுரிமையும் இல்லை. 'இந்தக் கார்டு எடுத்துட்டா யூரோப்ல செட்டில் ஆகிடலாம்'னு யாராவது பணம் கேட்டா, பர்ஸை மூடிட்டு நடையைக் கட்டுங்க.

இரண்டாவது, 2020 ஆகஸ்ட்டில் வந்த 'டிஜிட்டல் நோமாட் விசா'. நோமாட்னா நாடோடி. அதுவரைக்கும் பலர் டூரிஸ்ட் விசாவில் போய் காபி ஷாப்பில் உட்கார்ந்து சத்தமில்லாமல் வேலை பார்த்தாங்க. சரியா, தப்பான்னு தெளிவில்லாமல் இருந்தது. அந்தக் குழப்பத்துக்கு விடையாத்தான் இந்த விசா வந்தது. அதிகபட்சம் ஒரு வருஷம் வரை அங்கேயே தங்கி, உங்க வேலையைப் பார்க்கலாம்.

கவனிங்க... 'உங்க' வேலை! உங்களுக்குச் சம்பளம் தரும் கம்பெனி எஸ்டோனியாவுக்கு வெளியே இருக்கணும். இல்லைன்னா, வெளிநாட்டில் பதிவான சொந்தக் கம்பெனி இருக்கணும். ஃப்ரீலான்ஸர் என்றால் பெரும்பாலான வாடிக்கையாளர்கள் எஸ்டோனியாவுக்கு வெளியே இருக்கணும். அங்கே போய் வேலை தேடிக்கலாம் என்கிற பேச்சுக்கே இடம் இல்லை. வேலையைக் கையோட கொண்டு போகணும்.

வருஷத்துக்கு இல்ல... மாசத்துக்கு!

இப்போ கணக்கு. இந்த விசா வாங்க, விண்ணப்பிக்கும் முன் ஆறு மாசமும் நீங்க சம்பாதித்ததைக் காட்டணும். 2020-ல் ஆரம்பிச்சப்போ மாசம் 3,504 யூரோ கேட்டாங்க. பிறகு அது 4,500 யூரோ ஆயிடுச்சு. வரிப் பிடித்தத்துக்கு முந்தைய தொகை இது. ஒரு யூரோ 100 ரூபாய்னு வெச்சா, மாசம் நாலரை லட்சம்!

நம்ம காலேஜுக்கு வரும் பெரிய ஐ.டி. கம்பெனிகளில் சாதாரண ஃப்ரெஷர் ஆஃபர் எவ்வளவு? மூணரை, நாலு லட்சம்... வருஷத்துக்கு. நமக்கு ஒரு வருஷத்துக்குக் கிடைக்கிறதைவிட அதிகமா அவங்க ஒரே மாசத்துக்குக் கேட்கறாங்க. டிகிரி சர்ட்டிஃபிகேட் வாங்கின கையோட கிளம்பிடலாம்னு நினைக்கிறவங்க இந்த ஒரு வரியை ஹாஸ்டல் சுவத்துல ஒட்டி வைக்கலாம்.

ஏன் இவ்வளவு கேட்கறாங்க? போறவர் உள்ளூர் வேலைக்குப் போட்டி போடக் கூடாது, அரசு உதவியையும் எதிர்பார்க்கக் கூடாது. வெளியே சம்பாதித்து உள்ளே செலவு பண்ணணும். அவங்க பக்கம் அது லாபக் கணக்கு. நம்ம பக்கம்? விசா ஒரு இடத்தைத் தரும், வேலையைத் தராது. அந்த வேலை முதல்ல இங்கேயே நம்ம கைக்கு வந்தாகணும்.

மணி என்ன பாஸ்?

நம்ம நேரத்துக்கும் டாலின் நேரத்துக்கும் குளிர்காலத்தில் மூன்றரை மணி நேரம், கோடையில் இரண்டரை மணி நேரம் வித்தியாசம். நாம முன்னாடி, அவங்க பின்னாடி.

டிசம்பரில் இந்திய நேரம் காலை 10 முதல் மாலை 6 வரை வேலைன்னா, டாலினில் காலை ஆறரை முதல் மதியம் இரண்டரை. அங்கே அப்போ சூரியன் எட்டிப் பார்ப்பதே ஒன்பதே காலுக்கு. மூன்று இருபதுக்கெல்லாம் மறைஞ்சுடும். மொத்தப் பகலே ஆறு மணி நேரம். வேலை முடிச்சு வெளியே வந்தா ஒரு மணி நேர வெளிச்சம்கூட மிச்சம் இருக்காது!

ஜூனில் அப்படியே உல்டா. காலை ஏழரைக்கு ஆரம்பிச்சு மூன்றரைக்கு முடிச்சா, சூரியன் மறைய இரவு பத்தரை தாண்டிடும். ஏழு மணி நேரம் உங்க கையில். பீச்சுக்குப் போங்க, சைக்கிள் ஓட்டுங்க, தூங்குங்க!

அமெரிக்க க்ளையன்ட்டா? நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் டாலினில் மாலை 4. நடுராத்திரிக்குள் வேலை முடிஞ்சுடும். குளிர்காலத்தில் இதே ஷிஃப்ட் நம்ம ஊர்ல இரவு ஏழரைக்கு ஆரம்பிச்சு விடியற்காலை மூன்றரைக்கு முடியும். நைட் ஷிஃப்ட் அண்ணன்கள் பெருமூச்சு விடுறது இங்கே கேட்குது.

இன்னொரு விஷயம்... இருட்டில் நடந்து போறவங்க வெளிச்சம் பட்டால் பளிச்சிடும் ஒரு வில்லையை உடையில் மாட்டிக்கணும்னு அங்கே சட்டமே இருக்கு. 'ஹெல்குர்' என்று பேர். ஸ்வெட்டருக்கு அடுத்து வாங்க வேண்டிய ஐட்டம் இதுதான்.

மொழி? எஸ்டோனிய மொழியில் 14 வேற்றுமைகள். தமிழில் எட்டுக்கே ஏழாம் வகுப்பில் முழி பிதுங்கிச்சு! ஆங்கிலத்தில் சமாளிக்கலாம். ரஷ்ய மொழி பேசுறவங்களும் டாலினில் நிறைய. இருந்தாலும் 'தேரே' என்று வணக்கம் சொல்லிப் பாருங்க... கடைக்காரர் முகம் மலரும்.

கிளம்பறதுக்கு முன்னாடி நாலு கேள்வி

உங்க கம்பெனி சம்மதிக்குதா? 'வொர்க் ஃப்ரம் ஹோம்' என்றால் வீட்டிலிருந்து. வேற நாட்டிலிருந்து என்று அர்த்தம் இல்லை. கம்பெனி லேப்டாப்பையும் வாடிக்கையாளர் தகவலையும் எல்லை தாண்டிக் கொண்டு போக எச்.ஆர். எழுத்துபூர்வமாக அனுமதி கொடுக்கணும்.

வரி யாருக்கு? 12 மாதங்களில் 183 நாள் அங்கே தங்கிட்டா, எஸ்டோனியாவின் வரிக்கணக்குக்குள் வந்துடுவீங்க. ஒரே வருமானத்துக்கு ரெண்டு நாட்டிலும் வரி கட்டாமலிருக்க, இந்தியாவும் எஸ்டோனியாவும் 2011-ல் ஒப்பந்தம் போட்டிருக்கு. அதை எப்படிப் பயன்படுத்துவதுன்னு கிளம்பறதுக்கு முன்னாடியே ஒரு ஆடிட்டரிடம் கேட்டுடுங்க.

தனிமையைத் தாங்குவீங்களா? உங்க ஆபீஸ் அங்கே இல்லை. 'மச்சி, டீ அடிக்கலாமா?'ன்னு கூப்பிட ஆள் இருக்காது. அதுவும் மூன்று மணிக்கே இருட்டுற ஊரில். பல பேர் கூட்டாக உட்கார்ந்து வேலை பார்க்கும் இடத்தில் ஒரு சீட்டு எடுக்கிறது வெட்டிச் செலவு இல்லை.

ஒரு வருஷம் முடிஞ்சதும்? இந்த விசா நிரந்தரக் குடியுரிமைக்கான பாதை கிடையாது. திரும்பி வர்றதுக்கும் பிளான் வேணும்.

அப்ப நாம என்னதான் பண்றது?

மனசு விட்டுடாதீங்க. டாலினுக்கு வேற வாசல்களும் இருக்கு. டாலின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திலேயே மாஸ்டர்ஸ் படிக்கலாம். புது ஐடியாவும் அதை நடத்த ஒரு டீமும் இருந்தால், 2017-ல் வந்த ஸ்டார்ட்-அப் விசா இருக்கு. டெல்லியில் எஸ்டோனியத் தூதரகம் இருக்கு. விதிகள் மாறிக்கிட்டே இருக்கும் என்பதால் அவங்க சொல்றதையே கடைசி வார்த்தையா எடுத்துக்குங்க.

நோமாட் விசாதான் வேணுமா? இன்னிக்கே ஆரம்பிக்க வேண்டிய வேலை மூணு. ஒண்ணு, ஒரே ஒரு திறமையை ஆழமாப் பிடிங்க. கிளவுட், செக்யூரிட்டி, டிசைன்... எதுவா இருந்தாலும், முகம் தெரியாத ஒருத்தர் உங்களை நம்பிக் காசு கொடுக்கிற அளவுக்கு. ரெண்டு, தெளிவா எழுதப் பழகுங்க. எதிர்ல ஆள் இல்லாதப்போ உங்க மெயில்தான் நீங்க. மூணு, ஃப்ரீலான்ஸில் முதல் 500 ரூபாய் வந்தாலும் பில் போட்டு, பேங்க் மூலமா வாங்கி, கணக்கு வைங்க. நாளைக்கு விசா ஆபீஸர் கேட்கப்போறது உங்க கனவை இல்ல, ஆறு மாச பேங்க் ஸ்டேட்மென்ட்டை!

இது மூணும் கைவந்துட்டா, டாலின் போகாட்டாலும் நஷ்டம் இல்லை. தூத்துக்குடியில் உட்கார்ந்தும் அதே வேலையைச் செய்யலாம். அங்கேயும் கடல் இருக்கு, துறைமுகம் இருக்கு, மக்ரூன்கூட இருக்கு!

சரி சரி... லேப்டாப்பைத் திறங்க. செமஸ்டர் ப்ராஜெக்ட் வெயிட்டிங்!