ஸ்கிரம்

ஸ்கிரம் என்பது தேவைகள் அடிக்கடி மாறும் மென்பொருள் பணிகளைச் சிறு கட்டங்களாகப் பிரித்துச் செய்யும் முறையாகும். ரக்பி ஆட்டத்தில் வீரர்கள் ஒன்றுசேர்ந்து பந்துக்காக முட்டும் நிலையின் பெயரே இதற்கும் வழங்குகிறது. கென் சுவேபர், ஜெஃப் சதர்லேண்டு ஆகியோர் 1995இல் இதை ஒரு மாநாட்டில் முன்வைத்தனர். 2001இல் 17 பேர் வெளியிட்ட அஜைல் அறிக்கையிலும் இவ்விருவரும் கையொப்பமிட்டனர்.

பழைய அருவி முறையில் முழுத் திட்டமும் முதலிலேயே வகுக்கப்படும். பயனரின் தேவையைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால், அது பெரும்பாலும் இறுதியில்தான் தெரியவரும். ஸ்கிரம் முறையில் 'ஸ்பிரிண்ட்' எனப்படும் ஒவ்வொரு கட்டமும் ஒரு மாதத்துக்கு மேற்படாது. குழுவினர் நாள்தோறும் 15 நிமிடங்களுக்குள் கூடிப் பேசுவர். கட்ட முடிவில், செய்துமுடித்த பகுதியை இயக்கிக் காட்டிக் கருத்துக் கேட்பர். ஆகவே தவறு நேர்ந்தாலும் வீணாவது சில வார உழைப்பே. கேட்ட கருத்தை அடுத்த கட்டத்தில் சேர்க்காவிட்டால் இம்முறையால் பயனில்லை.