தேர்தலில் இல்லாத பதவி

2008 மே 10ஆம் திகதி அதிகாலை திருகோணமலைத் துறைமுகத்தில் கடற்படையின் வழங்கற் கப்பலொன்றைக் கடற்புலிகள் மூழ்கடித்தனர். அன்று காலையே கிழக்கு மாகாண சபைத் தேர்தலுக்கான வாக்குச்சாவடிகள் திறந்தன. வடக்கில் யுத்தம் மூண்டிருக்க, ஆயுதந் தாங்கிய குழுவொன்று கிழக்கில் அரசுத் தரப்பு வேட்பாளர்களாகவும் நின்ற தேர்தல் அது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு ஒதுங்கிக்கொண்டது.

37 ஆசனங்களில் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 20ஐயும் ஐக்கிய தேசியக் கட்சி 15ஐயும் பெற்றன. முஸ்லிம் காங்கிரஸ் யானைச் சின்னத்தில் இணைந்து போட்டியிட்டமையால், திருகோணமலை மாவட்டத்தில் மட்டும் எதிரணியே முந்தியது. அதன்பின் முதலமைச்சர் ஆசனம் பிள்ளையானுக்கா, ஹிஸ்புல்லாவுக்கா என்று தமிழரும் முஸ்லிம்களும் முகஞ் சுளித்துக்கொண்ட நாட்கள் பலருக்கும் நினைவிருக்கும். மே 16இல் பிள்ளையான் எனப்படும் சிவநேசதுரை சந்திரகாந்தன் பதவியேற்றார். அதுவும் திருகோணமலையில் அன்று, கொழும்பில் ஜனாதிபதியின் முன்னிலையில்.

இரு சமூகங்களும் மனம் கசந்து போட்டியிட்ட அந்த ஆசனத்தின் அதிகாரந்தான் என்ன? 1987இன் 13ஆவது திருத்தத்தின்படி மாகாணத்தின் நிறைவேற்றதிகாரம் ஆளுநரிடமே உள்ளது. அவரை நியமிப்பவர் ஜனாதிபதி. மக்கள் தெரிவு செய்வதில்லை. அமைச்சர் சபையின் ஆலோசனைப்படி அவர் நடக்க வேண்டும் என்பது பொதுவிதி. ஆனால் எது தமது தற்றுணிபுக்குரியது என்பதைத் தீர்மானிப்பவரும் அவரே. அத்தற்றுணிபைச் செலுத்துவதோ ஜனாதிபதியின் பணிப்பின்படி. நிதி சார்ந்த நியதிச்சட்டம் எதுவும் ஆளுநரின் விதந்துரையின்றிச் சபைக்கு வர முடியாது. மாகாண அலுவலர்களின் நியமனமும் இடமாற்றமும் சட்டப்படி அவர் கையில். மூதூரிலோ கிண்ணியாவிலோ ஒரு பாடசாலைக்கு ஆசிரியர் வேண்டுமென்றாலும் வழி அங்கேதான் முடிகிறது. அந்நாளில் அப்பதவியில் இருந்தவர் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி மொஹான் விஜேவிக்கிரம.

2008இல் முதலமைச்சர் பதவி கைகூடாத ஹிஸ்புல்லா, 2019 ஜனவரியில் அதே மாகாணத்தின் ஆளுநரானார். அதற்கு ஒரு வாக்கும் தேவைப்படவில்லை. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின் எழுந்த அழுத்தத்தால் ஜூன் 3இல் பதவி விலகினார். அதற்கும் வாக்காளரை எவரும் கேட்கவில்லை. அவர் ஆளுநராக அமர்ந்தபோது கிழக்கில் சபையே இருக்கவில்லை. 2017 செப்டெம்பரில் அதன் காலம் முடிந்திருந்தது. 2024 முடியும்வரை மறுதேர்தல் நடத்தப்படவில்லை. திருகோணமலையில் ஆளுநர் செயலகம் மட்டும் இயங்கிக்கொண்டிருந்தது.