ரோஷம் கட்டுப்படியாகுமா?

திண்டுக்கல் மாவட்டம் அய்யலூரில் வியாழன்தோறும் ஆட்டுச் சந்தை. விடியும் முன்பே பேரம் சூடுபிடித்துவிடும். விலை கட்டவில்லையா, ஆட்டுக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பல நேரம் வியாபாரி பின்னாலேயே வந்து கொஞ்சம் ஏற்றிக் கேட்பார்.

இப்படி ‘வேண்டாம், போ’ என்பதைத்தான் பொருளாதார அறிஞர்கள் நாற்பது ஆண்டுகளாக ஆராய்கிறார்கள். 1982-இல் ஜெர்மனியில் வெர்னர் கூத்தும் இரண்டு சகாக்களும் ஓர் ஆட்டம் வகுத்தார்கள். ஒருவரிடம் ஒரு தொகை. அதில் எதிராளிக்கு எவ்வளவு என்று அவர் சொல்வார். எதிராளி சம்மதித்தால் அப்படியே பங்கு. மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. ஒரே பேச்சு, பேரம் கிடையாது. சும்மா வருவது ஒரு ரூபாயானாலும் லாபம்தானே? ஆனால் பல நாடுகளில் நடத்திப் பார்த்தபோது, ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே நீட்டினால் ஏறக்குறையப் பாதிப்பேர் வேண்டாமென்று தள்ளினார்கள். எனக்குப் போனாலும் போகட்டும், நீயும் தின்னக்கூடாது என்கிற ரோஷம்.

தொகை பெருகினால் அந்த ரோஷம் நிற்குமா? ஸ்டெஃபன் ஆண்டர்சன், யூரி க்னீசி, ஜான் லிஸ்ட் உள்ளிட்டோர் வடகிழக்கு இந்தியக் கிராமங்களில் 20 ரூபாய் முதல் 20,000 ரூபாய் வரை வைத்து ஆடவிட்டார்கள். முடிவு 2011-இல் வெளிவந்தது. 20,000 என்பது அங்கே பல மாதக் கூலி. அந்தத் தொகையில் மறுப்பு அநேகமாக இல்லாமலே போனது. அவர்களுக்கு நியாயம் பெரிதாகப் படவில்லை என்று இதற்கு அர்த்தம் சொன்னால் நான் ஒப்பமாட்டேன். கோபம் இருந்திருக்கும், அதற்குக் கொடுக்கவேண்டிய விலைதான் கட்டுப்படியாகவில்லை.

ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டியோடு நிற்பவர் கதையும் அதுதான். பறிகூலியும் வண்டி வாடகையும் ஏற்கெனவே கைவிட்டுப் போயாச்சு. திருப்பி எடுத்துப்போனால் இன்னொரு வாடகை, நாளைக்கு அழுகல். கமிஷன் கடையில் என்ன விலை விழுந்தாலும் தலையாட்டியாக வேண்டும். வரத்து மிஞ்சும் காலத்தில் பழத்தைச் சாலையோரம் கொட்டுவதும், பறிக்காமல் மாட்டை மேயவிடுவதும் செய்தியாகின்றன. அதை ரோஷத்தில் சேர்க்க முடியாது. பறிகூலிக்கே காணாத விலையில் அது வெறும் கணக்கு. வியாபாரிக்கு அதனால் நட்டமுமில்லை, பக்கத்துப் பெட்டியை எடுத்துக்கொள்வார்.

நிலக்கோட்டை மல்லிகை கொஞ்சம் கொடுத்துவைத்தது. அதுவும் வாடும் பூதான். ஆனால் விலை சரியும் நாளில் செண்ட் தொழிற்சாலைகள் வாங்கிக்கொள்கின்றன, குறைந்த விலைக்கே என்றாலும். அதற்கும் கீழே கேட்கும் வியாபாரியிடம் ‘ஃபேக்டரிக்கே போட்டுக்கிறேன்’ என்று சொல்ல முடிகிறது. தக்காளிக்காரருக்கும் அப்படி ஒரு வாசல் வேண்டும். கூழ் ஆலையோ குளிர்பதனக் கிடங்கோ, பத்துப் பெட்டி கொண்டுவருபவரையும் உள்ளே விடுகிற வாசலாக அது இருக்கவேண்டும்.