தெர்மோஸ்டாட்டை மாற்றியதும் ஃபர்னஸ் நின்றுவிட்டதா?

ஒன்ராறியோவில் குளிர் தொடங்கும் நேரத்தில், பழைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு கைபேசியில் இயக்கும் புதியதைப் பொருத்துகிறவர்கள் அதிகம். பொருத்திய அன்றே திரை இருண்டு கிடக்கும். அல்லது ஃபர்னஸ் அசையாது. நேற்றுவரை ஓடிய ஃபர்னஸ் சரியாக இன்றைக்குப் பார்த்துப் பழுதாவது அரிது. கோளாறு பெரும்பாலும் நீங்கள் கைவைத்த வயர்களில்தான் இருக்கும். இது தெரியாமல் பல ஆயிரம் டாலர் ஒப்பந்தத்தில் யாரும் கையெழுத்திட்டுவிடக் கூடாது என்பதே என் கவலை.

திரை எரியாவிட்டால் முதலில் ஃபர்னஸின் முன்கதவைப் பாருங்கள். அது சரியாக மூடாவிட்டால் உள்ளிருக்கும் சுவிட்ச் மின்சாரத்தை விடாது. அடுத்து பிரேக்கர். அதற்கடுத்து, ஃபர்னஸின் கட்டுப்பாட்டுப் பலகையில் கார் ஃபியூஸ் மாதிரி 3 அல்லது 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று இருக்கும். மின்சாரத்தை நிறுத்தாமல் வேலை செய்யும்போது 'ஆர்' எழுத்து முனையின் வயர் 'சி' எழுத்து முனையின் வயரில் பட்டால் அது எரிந்துபோகும். பிரேக்கரை அணைத்துவிட்டு அதே ஆம்பியரில் வேறொன்றைப் போடுங்கள், சில டாலர்தான். மறுபடி எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, டெக்னீஷியனை அழையுங்கள்.

'ஆர்' 24 வோல்ட்டைக் கொண்டுவருகிறது. 'டபிள்யூ' சூட்டுக்கு, 'வை' ஏசிக்கு, 'ஜி' மின்விசிறிக்கு. வைஃபை தெர்மோஸ்டாட்டுக்கு இடையறாத மின்சாரம் வேண்டும். அதைத் தருவது 'சி' வயர். அது இல்லாவிட்டால் சில நாள் ஓடிவிட்டு அணைந்துவிடலாம். பல வீடுகளில் பயன்படாத வயர் ஒன்று சுவருக்குள்ளேயே சுருண்டு கிடக்கும்; அதை இரண்டு முனையிலும் 'சி'யில் இணைத்தால் போதும். வயரின் நிறத்தை நம்பாதீர்கள், பழையதில் எந்த எழுத்தில் இருந்தது என்பதே கணக்கு. கழற்றுமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹீட் பம்ப் உள்ள வீட்டில் சூடு கேட்டால் குளிர்காற்று, குளிர் கேட்டால் சூடு என்று வந்தால், அமைப்புகளில் 'ஓ/பி' தேர்வு தலைகீழாக இருக்கலாம். ஏசி உடனே ஓடாவிட்டால் ஐந்து நிமிடம் பொறுங்கள். கம்ப்ரஸரைக் காக்க அந்தத் தாமதம் உண்டு.

சுவரைத் திறந்ததும் தடித்த வயர்கள் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பேஸ்போர்ட் மின்ஹீட்டர்களுக்கு வருவது பெரும்பாலும் 240 வோல்ட். அதில் 24 வோல்ட் தெர்மோஸ்டாட்டை மாட்டினால் தீப்பிடிக்கலாம். எரிவாயுப் பகுதியில், ஒன்ராறியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்எஸ்ஏ-வில் பதிவுள்ள நிறுவனத்தின் ஆட்களே கைவைக்கலாம். எரிவாயு மணந்தால் வெளியே போய்விட்டு 911-ஐ அழையுங்கள். பழைய வட்ட வடிவ தெர்மோஸ்டாட்டுகள் பலவற்றில் பாதரசம் உண்டு. குப்பையில் போடாமல் நகராட்சியின் அபாயக் கழிவு நிலையத்தில் கொடுங்கள்.

வாடகை வீடென்றால் தெர்மோஸ்டாட்டை மாற்றுமுன் வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதத்தை வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாமல் மாற்றிச் சேதமானால் செலவு உங்கள் தலையில் விழலாம். ஆனால் சூடு தருவது அவர் பொறுப்பு. மாகாண விதிப்படி செப்டம்பர் 1 முதல் ஜூன் 15 வரை குறைந்தது 20 பாகை. ரொறன்ரோவில் குளிர்காலத்தில் 21. குறைந்தால் வெப்பமானியைத் தேதியோடு படமெடுத்து, எழுத்தில் முறையிடுங்கள். பலனில்லையா, ரொறன்ரோவில் நகராட்சியின் 311-ஐ அழையுங்கள். வாடகைக் குறைப்புக்கு வீட்டு உரிமையாளர்-குடியிருப்பாளர் வாரியத்தில் டி6 படிவம் இருக்கிறது.

சொந்த வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டி வருகிறவர்களிடம் விழிப்பாக இருக்க வேண்டும். நீங்கள் கூப்பிடாமலே வீடு தேடி வந்து ஃபர்னஸ், ஏசி ஒப்பந்தம் போடுவதை ஒன்ராறியோ 2018 மார்ச் 1 முதல் தடைசெய்திருக்கிறது. அப்படிப் போட்டது செல்லாது. நீங்களே அழைத்து வீட்டில் கையெழுத்திட்டிருந்தாலும் 10 நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்துசெய்யலாம். ஒப்பந்தத்தில் மதிப்பீட்டுத் தொகை இருந்தால், பில் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது. வாடகை உபகரணத்தைக் காட்டி வீட்டுப் பத்திரத்தில் பதிந்த பொறுப்புரிமை அறிவிப்புகளையும் 2024-இல் வந்த சட்டம் காலாவதியாக்கிவிட்டது. அப்படி ஒன்று உங்கள் வீட்டின்மேல் இருந்தால் நீக்கச்சொல்லி விண்ணப்பிக்கலாம். ஆனால் ஒப்பந்தக் கடன் அதனால் தானாக மறையாது, அதை வழக்கறிஞரிடம் தனியே காட்டுங்கள்.