கட்சி நடத்தக் காசு யார் தருவது?

சனிக்கிழமை மாலை. முஸ்தஃபாவில் மளிகை வாங்கிக்கொண்டு, அக்கா மகளுடன் தேநீர் குடிக்க ஒதுங்கினேன்.

“இந்த சையது ஆல்வி ரோட்டுலதான் பாட்டாளிக் கட்சியோட தலைமையகம் பல வருஷம் இருந்துச்சு. அப்புறம் கேலாங் போயிட்டாங்க,” என்றேன் பேச்சுவாக்கில்.

2025 மே 3ஆம் தேதி முதன்முதலாக வாக்களித்தவள் அவள். உடனே கேட்டாள்: “கட்சிச் செலவெல்லாம் யாரு மாமா கொடுக்குறாங்க? அரசாங்கமா?”

இல்லை. சிங்கப்பூரில் கட்சிகளுக்கு அரசாங்க நிதி கிடையாது. நம் அரசமைப்புச் சட்டத்துக்குக் கட்சிகள் என்று இருப்பது தெரியும். எந்தக் கட்சியின் சார்பில் வென்றாரோ அதிலிருந்து விலகினாலோ நீக்கப்பட்டாலோ, 46வது பிரிவின்படி ஒருவர் நாடாளுமன்ற இடத்தை இழப்பார். ஆனால், அந்தக் கட்சியை நடத்தப் பணம் தருவது பற்றி அதில் ஒன்றுமில்லை.

சென்ற பொதுத் தேர்தலில் வேட்பாளர் ஒருவருக்கு வைப்புத்தொகை 13,500 வெள்ளி. ஐவர் கொண்ட குழுத்தொகுதி என்றால் 67,500 வெள்ளி. எட்டில் ஒரு பங்கு வாக்குகூடப் பெறாவிட்டால் அது திரும்பி வராது. பிரசாரச் செலவுக்கு வாக்காளர் ஒருவருக்கு 5 வெள்ளி என்ற உச்சவரம்பு உண்டு. அதற்குள் செலவழிக்கும் பணத்தையும் கட்சியோ வேட்பாளரோதான் திரட்ட வேண்டும். பாட்டாளிக் கட்சியினர் சந்தைகளிலும் உணவங்காடிகளிலும் தங்கள் ‘ஹாமர்’ இதழை விற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

அரசாங்கம் தருவது ஒன்றுண்டு, அது ஒலி, ஒளிபரப்பு நேரம். குறைந்தது ஆறு வேட்பாளர்களை நிறுத்தும் கட்சிக்குத் தேர்தல் காலத்தில் நான்கு மொழிகளிலும் பேச நேரம் ஒதுக்கப்படுகிறது. வீட்டில் நாம் கேட்கும் தமிழ் உரைகள் அப்படி வருபவைதான்.

யார் கொடுக்கலாம்?

“நான் கொடுக்கலாமா?” என்றாள்.

கொடுக்கலாம். 21 வயதான சிங்கப்பூர்க் குடிமக்களும், சிங்கப்பூரர் கட்டுப்பாட்டில் பெரும்பாலும் இங்கேயே தொழில் செய்யும் நிறுவனங்களும் நன்கொடை தரலாம். நிரந்தரவாசிகள் தர முடியாது. அவளுடைய அப்பா நிரந்தரவாசி. ஒரே வீட்டில் மகளுக்கு உள்ள உரிமை அப்பாவுக்கு இல்லை. பெயர் தெரியாதவர்களிடமிருந்து ஒரு கட்சி ஓராண்டில் 5,000 வெள்ளிக்கு மேல் வாங்க முடியாது.

இந்தக் கடைசி விதியின் அருமை இந்தியாவைப் பார்த்தால் புரியும். அங்கே 2018 முதல் விற்கப்பட்ட தேர்தல் பத்திரங்களில் கொடுத்தவர் பெயர் வெளியே தெரியாது. 2024 பிப்ரவரி 15ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அந்தத் திட்டத்தை ரத்து செய்தனர். கட்சிக்கு யார் பணம் தருகிறார் என்று அறிவது வாக்காளரின் உரிமை என்றது தீர்ப்பு.

ஜெர்மனியில் அரசாங்கமே நிதி தருகிறது. வாங்கிய வாக்கையும் திரட்டிய நன்கொடையையும் வைத்துக் கணக்கு. கட்சி தானாகத் திரட்டியதைவிட அரசாங்கப் பணம் கூடக்கூடாது. கட்சிகள் தங்களுக்கான மொத்த உச்சவரம்பை 190 மில்லியன் யூரோவாக உயர்த்திக்கொண்டபோது, 2023இல் அரசமைப்பு நீதிமன்றம் அது செல்லாது என்றது.

நம் வரிப்பணம்

“அப்போ நம்ம ஊருலயும் கொடுத்தா என்ன?”

எனக்கு இதில் இரண்டு மனம். கொடுத்தால், வசதியில்லாத நல்லவரும் துணிந்து நிற்கலாம். பணக்காரர் தயவு வேண்டாம். ஆனால், எனக்குப் பிடிக்காத கட்சிக்கும் என் வரிப்பணம் போகும். கஜானாவை நம்பும் கட்சி, வீடு வீடாக வந்து கதவைத் தட்டுவதையும் குறைத்துக்கொள்ளலாம். கொடுக்காவிட்டால், 13,500 வெள்ளியைப் புரட்ட முடியாத ஒருவரின் பெயர் வாக்குச்சீட்டில் வராமலே போகலாம்.

அக்கா மகள் கோப்பையைக் கீழே வைத்தாள். “வரியா எடுத்தா எனக்குத் தெரியாமலே போயிடும் மாமா. நானா பத்து வெள்ளி கொடுத்தா, அதை என்ன செஞ்சீங்கன்னு கேப்பேன்.”

எந்தக் கட்சிக்கு என்று நான் கேட்கவில்லை. தேநீருக்கு மட்டும் நான் காசு கொடுத்தேன்.