தாயைப் போல பிள்ளை: தடைதாண்டும் குதிரைக்கு ஜோடி தேடும் கதை

1956 ஆம் ஆண்டு ஜூன் மாதம். சுவீடனின் தலைநகரான ஸ்டொக்ஹோமில் ஒலிம்பிக் குதிரைச் சவாரிப் போட்டிகள் நடந்துகொண்டிருந்தன. அவ்வாண்டின் ஒலிம்பிக் விழா அவுஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகருக்கே உரியது. எனினும், அந்நாட்டின் கடுமையான தொற்றுநோய்த் தடுப்புச் சட்டங்கள் காரணமாகக் குதிரைகளுக்கான போட்டிகள் மட்டும் சுவீடனுக்கு மாற்றப்பட்டிருந்தன.

தடைதாண்டல் போட்டியின் முதற் சுற்று முடியும் தறுவாயில் ஜேர்மன் வீரர் ஹான்ஸ் குந்தர் விங்க்லருக்குத் தொடையிடுக்கில் தசை கிழிந்துவிட்டது. இரண்டாம் சுற்றில் கால்களால் அழுத்தவோ, உடலசைவால் சைகை காட்டவோ அவரால் இயலவில்லை. வலியைத் தாங்கிக்கொண்டு சேணத்தில் அமர்ந்திருப்பதே பெரும்பாடாக இருந்தது. தடையை நோக்கித் திருப்பிவிட்டார். மற்ற அனைத்தையும் அவரைச் சுமந்து சென்ற பெண்குதிரை பார்த்துக்கொண்டது. ஒரு தடையைக்கூடத் தட்டாமல் அந்தச் சுற்றை முடித்துத் தங்கப் பதக்கத்தை வென்று கொடுத்தது. அந்தக் குதிரையின் பெயர் ஹல்லா.

அன்று தனிநபர் போட்டியிலும் குழுப் போட்டியிலும் தங்கம். 1960 இல் ரோம் நகரில் மீண்டும் குழுத் தங்கம். இத்தனை புகழோடு ஓய்வு பெற்ற ஹல்லா, குட்டி ஈனுவதற்காகப் பண்ணைக்குச் சென்றாள். அவளது குட்டிகள் எப்படியெல்லாம் பாயப் போகின்றனவோ என்று எல்லோரும் காத்திருந்தனர். குட்டிகள் பிறந்தன, வளர்ந்தன. ஆனால் அவற்றுள் ஒன்றேனும் தாயின் உயரத்தை எட்டவில்லை.

ஏன் இப்படி? தடைதாண்டும் குதிரைகளை வளர்ப்போர் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவரும் கேள்வி இது. நல்ல பெண்குதிரை ஒன்றை வைத்திருக்கும் ஒரு குடும்பம் அதற்கு ஏற்ற ஆண்குதிரையை எவ்வாறு தேடுகிறது என்பதைப் பார்த்தால் விடையின் ஒரு பகுதியாவது விளங்கும்.

முதலில் பார்க்க வேண்டியது யாரை?

எமது வீடுகளில் கலியாணப் பேச்சு எடுத்தால் மாப்பிள்ளையின் படிப்பையும் தொழிலையும் விசாரிப்பதற்கு முன்னர் "எங்கள் பிள்ளைக்கு எப்படிப்பட்டவர் பொருந்துவார்?" என்று யோசிப்பது தான் முறை. குதிரை வளர்ப்பிலும் அப்படியே. எந்த ஆண்குதிரை புகழ் பெற்றது, எது அண்மையில் பதக்கம் வென்றது என்று தேடத் தொடங்குவது பிழையான வழி. முதலில் தன்னிடமுள்ள பெண்குதிரையை உள்ளபடி பார்க்க வேண்டும்.

இது சொல்வதற்கு இலகு, செய்வதற்குக் கடினம். தான் வளர்த்த குதிரையின் குறையைத் தன் கண் காணாது. அதனால் தான் அனுபவசாலிகள் வேறொருவரை அழைத்து வந்து பார்க்கச் சொல்கிறார்கள். முன்னங்கால்களை விரைவாக மடிக்கிறதா? தடைக்கு மேலே முதுகை வில்லைப் போல் வளைக்கிறதா? பின்னங்கால்கள் தடையைத் தட்டாமல் விரிகின்றனவா? கம்பைத் தட்டிவிட்டால் அடுத்த முறை கவனமாகப் பாய்கிறதா, அல்லது கவலையே இல்லாமல் ஓடுகிறதா? சர்வதேசப் போட்டிகளின் மிக உயர்ந்த பிரிவில் தடைகள் 1.60 மீற்றர் உயரமிருக்கும். அந்த உயரத்துக்குப் பலம் மட்டும் போதாது. பாயும் விதம், துணிவு, எச்சரிக்கை ஆகிய அனைத்தும் ஒன்றுசேர வேண்டும்.

இன்னுமொரு கேள்வியையும் கேட்கத் தவறக் கூடாது. இந்தக் குதிரை ஏன் போட்டியிலிருந்து ஓய்வு பெற்றது? விபத்தில் கால் ஒடிந்ததென்றால் அது குட்டிக்குப் போவதில்லை. ஆனால் கால்களின் அமைப்பே பலவீனமாக இருந்து அதனால் நொண்டியதென்றால், அந்தப் பலவீனம் பரம்பரையாகத் தொடரக்கூடும். "சவாரிக்குத் தான் உதவாது, குட்டியாவது போடட்டும்" என்று நினைப்பது பிறக்கப்போகும் உயிருக்குச் செய்யும் அநீதியாகும்.

தாய்வழி எண்கள்

அரபுப் பாலைவனத்துப் பதவிகள் இந்த உண்மையை எப்போதோ அறிந்திருந்தார்கள். குஹைலான், சக்லாவி, ஹம்தானி, அபையான், ஹத்பான் என்று அவர்கள் தமது குதிரைகளை வம்சங்களாகப் பிரித்தனர். இந்த வம்சப் பெயர் குட்டிக்குத் தந்தையிடமிருந்து வருவதில்லை, தாயிடமிருந்தே வருகிறது.

அங்கிருந்து வெகு தூரத்தில், ஜேர்மனியின் வடக்கே ஹோல்ஸ்டைன் என்றொரு பிரதேசம் உண்டு. உலகின் மிகச் சிறந்த தடைதாண்டும் குதிரைகள் பல அந்த மண்ணின் சிறு விவசாயக் குடும்பங்களிடமிருந்து வந்தவை. அவர்களும் ஒவ்வொரு தாய்வழிக்கும் ஓர் எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு குதிரையைப் பற்றிப் பேசினால் அதன் தந்தையின் பெயரோடு தாய்வழி எண்ணையும் கேட்காமல் விடமாட்டார்கள். தாய் மட்டுமன்றி, தாயின் சகோதரிகள், அவர்களது குட்டிகள் என்று முழுக் குடும்பமும் பாய்ந்திருந்தால், அந்தத் திறமை தற்செயலாக வந்ததல்ல என்பது தெளிவாகிவிடும்.

ஹல்லாவின் கதையும் இங்கே தான் விளங்குகிறது. அவளது தந்தை வண்டிப் பந்தயத்துக்குரிய டிராட்டர் இனத்தைச் சேர்ந்தது. தலைமுறைகளாகத் தடைதாண்டி வந்த குடும்பம் ஒன்று அவளுக்குப் பின்னால் இருக்கவில்லை. அபூர்வமாகப் பூத்த மலர் அவள். திறமை வேறு, அத்திறமையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஆற்றல் வேறு.

ஒரு பொருத்தத்தின் கதை

ஹோல்ஸ்டைன் குதிரைகள் முன்னர் பலமான, கனத்த உடலமைப்புக் கொண்டவை. வண்டி இழுத்தன, வயல் உழுதன. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் உழவு இயந்திரங்கள் வந்ததும் அவற்றின் தேவை குன்றியது. 1960 இல் அங்கிருந்த அரசாங்கக் குதிரைப் பண்ணையும் மூடப்பட்டது. ஆண்குதிரைகளை வளர்ப்போர் சங்கமே பொறுப்பேற்றது. இனம் அழியாதிருக்க வேண்டுமானால் அதைச் சவாரிக்குரிய குதிரையாக மாற்றியாக வேண்டும்.

அவர்கள் தமது பெண்குதிரைகளை நிதானமாகப் பார்த்தார்கள். பலம் இருந்தது, நல்ல குணம் இருந்தது. இலகுவான உடலும் வேகமும் நெகிழ்வும் போதாமலிருந்தன. ஆகவே இங்கிலாந்திலிருந்து தொரோபிரெட் எனப்படும் பந்தய இனத்து ஆண்குதிரைகளைக் கொண்டுவந்தார்கள். 1971 இல் பிரான்ஸிலிருந்து கோர் டி லா பிரியேர் என்ற இளம் ஆண்குதிரையைத் தருவித்தார்கள். முதுகை வளைத்துப் பாயும் அழகில் அதற்கு நிகரில்லை. ஹோல்ஸ்டைன் தாய்மாரின் பலத்தோடு அந்த நெகிழ்வு சேர்ந்தபோது பிறந்த குட்டிகள் உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தன. 2000 இல் அது இறந்தபோது அதன் இரத்தம் ஐரோப்பா எங்கும் பரவியிருந்தது.

தாயிடம் எது குறைவோ, அது நிறைவாக உள்ள தந்தையைத் தேட வேண்டும். ஒரே குறை இரண்டு பக்கமும் இருக்கக் கூடாது. துடிதுடிப்பான தாய்க்கு நிதானமான தந்தை. கனத்த தாய்க்கு இலகுவான தந்தை. ஆனால் இதற்கும் ஓர் அளவுண்டு. மிகக் கனத்ததையும் மிக மெல்லியதையும் சேர்த்தால் நடுத்தரமான குட்டி பிறக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஒன்றின் பெரிய உடலும் மற்றதன் மெல்லிய கால்களும் ஒரே குட்டிக்கு வந்துவிடலாம். எல்லாக் குறைகளையும் ஒரே தலைமுறையில் திருத்த முயலாமல், முக்கியமான ஒன்றிரண்டைத் திருத்தினால் போதும் என்பது அனுபவசாலிகளின் புத்திமதி.

தந்தையிடம் கேட்க வேண்டியவை

ஐரோப்பாவில் எந்த ஆண்குதிரையையும் நினைத்தபடி இனவிருத்திக்குப் பயன்படுத்த முடியாது. வளர்ப்போர் சங்கத்தின் அங்கீகாரம் வேண்டும். ஏறத்தாழ இரண்டரை வயதில் அதன் உடலமைப்பு, நடை, சவாரியின்றிப் பாயும் விதம், எக்ஸ்ரே படங்கள் என்பன பரிசோதிக்கப்படுகின்றன. பின்னர் சவாரிப் பரீட்சை. இவற்றில் தேறியவற்றுக்கே அனுமதி.

அனுமதி பெற்ற குதிரைகளுள்ளும் தெரிவு எளிதல்ல. இளம் ஆண்குதிரைக்குக் கட்டணம் குறைவாக இருக்கலாம். ஆனால் அதன் குட்டிகள் எப்படியிருக்கும் என்று எவருக்கும் தெரியாது. வயது முதிர்ந்ததற்கு நூற்றுக் கணக்கான பிள்ளைகள் கண்முன்னே இருக்கும். அவை பாய்கின்றனவா? நொண்டாமல் பல ஆண்டுகள் உழைக்கின்றனவா? எப்படிப்பட்ட தாய்மாருக்குப் பிறந்தவை நன்றாக வந்திருக்கின்றன? இவ்வளவையும் அறியலாம். தந்தையின் பதக்கங்களை விடப் பிள்ளைகளின் பெறுபேறே நம்பத்தக்க சாட்சி.

2021 இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பென் மஹர் தங்கம் வென்றது எக்ஸ்ப்ளோஷன் என்ற குதிரையின் மீது. அதுவோ விதை நீக்கப்பட்ட குதிரை, தந்தையாக முடியாது. ஆகவே வளர்ப்போரின் கண் அதன் தந்தையான சாக்கோ புளூவின் மீதும், தாயின் தந்தையான பலூபே டு ரூவேயின் மீதும் விழுந்தது. சாக்கோ புளூ 2012 இலேயே இறந்துவிட்டது. எனினும் அதன் விந்து, பூச்சியத்துக்குக் கீழ் 196 பாகை செல்சியஸ் குளிரில் திரவ நைதரசனில் பாதுகாக்கப்பட்டிருந்தமையால், இறந்த பின்னரும் அதற்குக் குட்டிகள் பிறந்தன.

மாடுகளைப் போலவே தடைதாண்டும் குதிரைகளிலும் இன்று செயற்கை முறைச் சினைப்படுத்தலே பெரும்பாலும் நடைபெறுகிறது. உறைய வைத்த விந்தைப் பாவிக்கும்போது நேரத்தை மிகவும் துல்லியமாகக் கணிக்க வேண்டும். வயதான பெண்குதிரை அதன் மூலம் சினைப்படுவது கடினம். ஆகவே எட்டாத் தூரத்துப் பெரும் பெயரை விட, கிட்டத்திலுள்ள நல்ல குதிரையின் புதிய விந்தே சில வேளைகளில் புத்திசாலித்தனமான தெரிவாகும். இதை மிருக வைத்தியரிடம் கேட்டு முடிவெடுக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

தடைதாண்டலுக்கு வளர்க்கப்படும் வார்ம்பிளட் எனும் ஐரோப்பிய இனங்களில் ஒரு பரம்பரை நோய் உண்டு. அந்நோயுடன் பிறக்கும் குட்டியின் தோல் காகிதம் போல் கிழியும், மூட்டுகள் தளர்ந்திருக்கும். அது பிழைப்பதில்லை. சில வேளைகளில் தாயின் வயிற்றிலேயே இறந்துவிடும். இந்தக் குறைபாட்டின் ஒரு பிரதியை மட்டும் சுமக்கும் குதிரைக்கு எந்த நோயும் இல்லை. பார்த்தால் பூரண சுகதேகியாகவே இருக்கும். இரு பக்கமும் சுமப்பவையாக இருந்தால், நான்கில் ஒன்று என்ற அளவில் குட்டி நோயுடன் உருவாகும்.

2013 முதல் இதற்கான பரிசோதனை உண்டு. பிடரி மயிரின் வேர் சிலவற்றை அனுப்பினால் போதும். சிறு செலவு. அதைச் செய்யாமல் விட்டவர்கள் பதினொரு மாதம் காத்திருந்து, விடியற்காலையில் தொழுவத்தில் கண்ட காட்சியை ஆயுள் முழுதும் மறக்கமாட்டார்கள். ஒன்று சுமப்பதாகத் தெரிந்தால் அதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. சுமக்காத ஜோடியைத் தேடினால் போதும்.

காலம் சொல்லும் பதில்

பெண்குதிரை ஏறத்தாழ 340 நாட்கள் குட்டியைச் சுமக்கிறது. குட்டிக்கு மூன்று வயதாகும்போது தான் சேணம் பழக்கப்படும். ஒன்பது, பத்து வயதில் தான் பெரும் போட்டிகளுக்கு முதிர்ச்சி அடையும். இன்று எடுக்கும் முடிவின் பலன் தெரிய பத்து ஆண்டுகளுக்கு மேல் செல்லும். அப்போதும் பெரும்பாலான குட்டிகள் ஒலிம்பிக் வீரர்களாவதில்லை. ஆகவே பாயாவிட்டாலும் யாரோ ஒருவர் அன்போடு சவாரி செய்யக்கூடிய நல்ல குணமும் பலமான கால்களும் உள்ள குட்டியா பிறக்கும் என்பதே கடைசிக் கேள்வி.

சில வேளைகளில் எல்லாம் கூடிவருவதுமுண்டு. 1982 இல் பிறந்த ரட்டினா என்ற பெண்குதிரை 1992 இல் பார்சிலோனாவிலும் 1996 இல் அட்லாண்டாவிலும் ஒலிம்பிக் குழுத் தங்கங்களை வென்றவள். அவளது தந்தையின் வழியில், போலந்தில் பிறந்த ராம்செஸ் என்ற ஆண்குதிரை மூலம் அரபுக் குதிரைகளின் இரத்தமும் ஓடியது. அவளுக்கு ஜோடியாகத் தெரிவானவற்றுள் ஒன்று கோர்னெட் ஒபொலென்ஸ்கி. கோர் டி லா பிரியேரின் நான்காம் தலைமுறை. இவ்விரண்டுக்கும் 2005 இல் பிறந்த கொம் இல் ஃபோ, மார்கஸ் ஏனிங் என்ற வீரருடன் உலகின் முன்னணிப் போட்டிகளில் வெற்றி பெற்றது. ஹல்லாவுக்குக் கிடைக்காதது ரட்டினாவுக்குக் கிடைத்தது. இரு பக்கமும் தலைமுறைகளாகப் பாய்ந்த குடும்பங்கள் இருந்தன.

குட்டி பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் தட்டுத் தடுமாறி எழுந்து நிற்கும். பாலைத் தேடித் தாயின் மடியை முட்டும். தந்தை எங்கோ தூர தேசத்தில் இருக்கும்; அல்லது உயிரோடே இராது. அடுத்த ஆறு மாதங்களுக்கு மனிதர் அருகில் வந்தால் பயப்படுவதா, பொறுமையாக நிற்பதா என்பதைக் கூட அது தாயிடமே பார்த்துப் பழகும். ஆண்குதிரையின் பெயரைத் தெரிவு செய்வதற்கு ஒரு மாலைப் பொழுது போதும். தாய்க்குதிரையை அறிந்துகொள்வதற்கோ பல ஆண்டுகள் வேண்டும். அந்த ஆண்டுகளைச் செலவிட்டவர்களின் தொழுவத்தில் தான் நல்ல குட்டிகள் பிறக்கின்றன.