ராமானுஜன் பட்டியலின் கடைசி எண்

சென்ற இதழில் வந்தவை, ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதற்கும் மசியாத பகா எண்கள். இந்த வாரம் அவற்றுக்கு நேர் எதிரான ஓர் எண்: 67,46,32,83,88,800. அதாவது, ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்துச் சொச்சம் கோடி. இதை 1 முதல் 28 வரை எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி வராது. 29-க்கு வரும்போதுதான் முதன்முறையாக முரண்டு பிடிக்கிறது.

இதன் மொத்தக் காரணிகள் 10,080.

இந்த அளவுள்ள எண்களுக்குச் சராசரியாக முப்பது காரணிகள்தான் இருக்கும் என்பதை நினைத்தால், இதன் செழுமை விளங்கும். தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்ணே மிகு பகு எண். 12 அப்படிப்பட்டது, அதற்கு 6 காரணிகள், அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் நான்குக்கு மேல் கிடையாது. 12 காரணிகள் கொண்ட 60-ம் அப்படித்தான். கேம்பிரிட்ஜில் இருந்த ராமானுஜன், 1915-இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் இந்த வகை எண்களைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். அதில் 102 எண்களின் பட்டியல் இருந்தது. கணினி இல்லாத காலத்தில் கையால் போட்ட கணக்கு அது. பட்டியலின் கடைசி வரியில் நிற்பது நம் எண்.

பிரித்துப் பார்த்தால் அதன் கட்டுமானம் தெரியும். ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7. பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்று. எல்லாவற்றையும் பெருக்கினால் எண் வந்துவிடும். ஒவ்வொரு எண்ணிக்கையோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் தொகை: 7×5×3×3×2×2×2×2×2.

இதில் கைவைத்துப் பாருங்கள். ஒரு 7-ஐ எடுத்துவிட்டு இரண்டு 2-களைச் சேர்த்தால் எண் சிறியதாகும். ஆனால் காரணிகள் 8,640 ஆகக் குறைந்துவிடும். வேறு எப்படி மாற்றினாலும் இதே கதிதான்: எண் சிறுத்தால் காரணிகளும் குறையும். பெரிய பகா எண்ணுக்குப் போகப் போக அடுக்கு கூடவே கூடாது என்பதையும், 4, 36 இரண்டைத் தவிர மற்ற எல்லா மிகு பகு எண்களிலும் கடைசிப் பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும் என்பதையும் ராமானுஜன் நிறுவினார். பட்டியலைவிட இந்த நிறுவல்களே பெரிய சாதனை.

1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆராய்ச்சி வழிப் பட்டம் வழங்கியது, பெரும்பாலும் இந்தக் கட்டுரைக்காகத்தான். ஆனால் கட்டுரை முழுதாக அச்சேறவில்லை. போர்க்காலப் பணமுடையில் சங்கம் ஒரு பகுதியை நிறுத்தி வைத்தது. அது 1997-இல்தான் வெளிவந்தது.

பட்டியலில் ஓர் எண் விடுபட்டும் போயிற்று: 2,93,31,86,25,600. நம் எண்ணை 23-ஆல் வகுத்தால் அதுதான் கிடைக்கும். அதன் காரணிகள் எத்தனை என்று ஒரு தாளை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். 5,040 வர வேண்டும்.